கல்லறையை முதலில் படியுங்கள்: சேலம், ஏற்காடு தேவாலயங்களின் பேய்க்கதைகளைத் தேடிப் போக ஒரு முழு வழிகாட்டி

எங்கள் அப்பாயி சொன்ன கதை இது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டை ஒட்டி, வெள்ளைக்காரர்கள் கட்டிய சின்னக் கோயில் ஒன்று உண்டு. மார்கழியில் பனி இறங்கி, எதிரே வரும் ஆள் தெரியாத நேரத்தில், கல்லறைகளுக்கு நடுவே ஒரு துரைசாணி வெள்ளைக் கவுனோடு நடப்பாள். குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, கோயில் மணிக்கயிற்றிலேயே தூக்குப் போட்டுக்கொண்டவள். அவள் வரும் ராத்திரி மணி தானாக ஒரு முறை அடிக்கும். "ரெண்டாவது அடிக்குதான்னு நின்னு எண்ணிக்கிட்டு இருக்காதே சாமி, ஓடி வந்துரு" என்பார் அப்பாயி. அவர் காபிப் பழம் பறிக்கப் போன எஸ்டேட் அது.

முப்பது வயதுக்கு மேல்தான் அந்தக் கல்லறையைப் பகலில் போய்ப் பார்த்தேன். கதையில் வருவது ஒரு குழந்தை, கல்லில் இருப்பது இரண்டு. ஆறு நாள் இடைவெளியில் இறந்த அண்ணனும் தங்கையும். பெயர்களுக்குக் கீழே, பாசி மூடிய கடைசி வரியில், மனம் நொந்த பெற்றோர் இக்கல்லை நட்டனர் என்று இருந்தது. அந்தக் காலத்தில் கல் வெட்டி, எழுத்துப் பொறித்து, மாட்டிலோ ஆள் தோளிலோ மலையேற்றி நடுவதற்கு மாசக்கணக்காகும். கல் நட்ட அன்று அந்தத் தாய் உயிரோடு இருந்திருக்கிறாள். தூக்குப் போட்டுக்கொள்ளவில்லை. கதைக்கான பதில் கதை நடக்கும் இடத்திலேயே, மண்ணுக்கு ஒரு சாண் மேலே, இத்தனை வருஷமாக எழுதி வைத்திருக்கிறது. யாரும் குனிந்து படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். முதலில் கல், அப்புறம் பதிவேடு, அதற்கும் பிறகுதான் கதை. கதையைக் கேட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தால், கதையில் உள்ளதுதான் கண்ணில் படும்.

எங்கே போவது

சேலத்துக்கு ஒரு நாள், மலைக்கு இரண்டு நாள் வையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைத்தால் செல்ஃபிதான் மிஞ்சும்.

ஊருக்குள் சீர்திருத்தச் சபையின் தடம் 1827இல் தொடங்குகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிரிஸ்ப் அந்த ஆண்டு இங்கே வேலையைத் தொடங்கினார். அவருக்கு அப்புறம் வந்தவர்களில் பெரிய பெயர் லெக்லர். ஜெர்மன்காரர். 1840 முதல் 1861இல் சாகும்வரை சேலம்தான் அவருக்கு ஊர். அவர் பெயரால் லெக்லர் நினைவு ஆலயம் இன்றும் இருக்கிறது. கத்தோலிக்கத் தடம் இன்னும் பழையது. ராபர்ட் தெ நோபிலி மதுரையை விட்டு வடக்கே கிளம்பி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தது 1623இல். ஆனால் சேலம் தனி மறைமாவட்டம் ஆனது 1930இல்தான். ஆகவே குழந்தை இயேசு பேராலயத்தில் போய் முந்நூறு வருஷத்துப் பேயைத் தேடாதீர்கள். பழைய தடம் பழைய பேட்டைகளிலும் கிராமப் பங்குகளிலும் இருக்கிறது.

மலையில் முதலில் பார்க்க வேண்டியது ஏற்காடு தூய திரித்துவ ஆலயம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த பிறகு, தோட்டக்காரத் துரைகளும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் பாதிரிமார்களும் ஏறி வந்து குடியேறிய மலை இது. அப்படி வந்தவர்களில் ஒருவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். 1882இல் ஏற்காட்டில்தான் இறந்தார். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே மாதம் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபூட். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அவருக்கு நினைவுச் சின்னம் இருப்பது இந்த ஆலயத்தில். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தவரை விட்டுவிட்டு, கிளியூர் அருவிக்கும் லேடீஸ் சீட்டுக்கும் கூட்டம் கூட்டமாகப் போகிறோம்.

எப்போது போவது

மே மாதம் வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவையும் முதல் கியரிலேயே ஏற வேண்டியிருக்கும். டிசம்பர், ஜனவரி நல்லது. பனி இருந்தாலும் காலை எட்டு மணிக்கு மேல் சாய்ந்த வெயில் விழும். கல்லெழுத்துப் படிக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. உச்சி வெயிலில் ஒரு எழுத்தும் தெரியாது.

இன்னும் இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் 2, கத்தோலிக்கர்களின் கல்லறைத் திருநாள். கல்லறைகளைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் பலவற்றில் ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் நடக்கும். மற்ற நாளில் புதர் மண்டிக் கிடக்கும் இடம் அன்றைக்குத் துலங்கும், ஊர்ப் பெரியவர்களும் அங்கே இருப்பார்கள். உதவிக்கு ஒரு கை கொடுத்தால் கதையும் தானாக வரும்.

கிளம்பும் முன் வீட்டில் படிக்க வேண்டியது

ஜே.ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905இல் சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை மாவட்டவாரியாகத் தொகுத்துப் போட்டார். சேலம் பகுதியும் அதில் உண்டு. இன்று தேய்ந்துபோன எழுத்தை அன்றைக்கே பார்த்து எழுதி வைத்த கண் அது. கூடவே ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918 சேலம் கெசட்டியர், அதற்கு முந்தைய லெ ஃபானுவின் 1883 மாவட்டக் கையேடு. மூன்றும் காப்புரிமை தீர்ந்தவை, இணையத்தில் காசில்லாமல் தேடலாம்.

ஆங்கிலேயர்களின் அடக்கப் பதிவுகளுக்கு ஒரு நகல் வருஷாவருஷம் லண்டனுக்குப் போனது. சென்னை மாகாணத்துக்கான வரிசைக்குப் பிரிட்டிஷ் நூலகத்தில் 'என் 2' என்று பெயர். இங்கே வேலை பார்த்த பிரெஞ்சுச் சாமியார்களைத் தேடினால் பாரிஸ் வேதபோதக சபையின் ஆவணக் காப்பகம், ஒவ்வொருவர் வாழ்க்கைக் குறிப்பையும் இணையத்தில் வைத்திருக்கிறது. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் போனில் மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளலாம், அவ்வளவு கடினமான நடை இல்லை.

யாரிடம், எப்படிக் கேட்பது

ஞாயிறு ஆராதனை முடிந்த பத்து நிமிஷத்தில் ஆயரைப் பிடிக்க முயலாதீர்கள். அவரைச் சுற்றி நாற்பது பேர் இருப்பார்கள். வாரநாள் காலை போங்கள். ஆயரிடமோ பங்குச் சாமியாரிடமோ அனுமதி வாங்கியபின், நீங்கள் உண்மையில் பேச வேண்டியது கோயில்பிள்ளையிடம். மணி அடிப்பவர், பூட்டுபவர், குழி வெட்ட ஆள் பிடிப்பவர் அவர்தான். வழிவழியாக அதே குடும்பம் அந்த வேலையில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வாயைத் திறந்ததும் "இங்க பேய் இருக்காமே?" என்று கேட்காதீர்கள். இருக்கிற கதவெல்லாம் சாத்திக்கொள்ளும். நான் கேட்பது இப்படி: "அண்ணே, இந்தக் கோயிலுக்குள்ள எந்தக் கல்லறை ரொம்பப் பழசு?" அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே நடப்பார். ஏதோ ஒரு கல்லறை பக்கம் மட்டும் வேகமாக நடப்பார். அங்கேதான் கதை இருக்கிறது.

கல்லைப் படிக்கும் முறை

இதில்தான் நிதானம் வேண்டும். ஒரு கைக்கண்ணாடி, சின்ன டார்ச், தண்ணீர் ஊற்றிய தெளிப்பான், மென்மையான பெயிண்ட் பிரஷ், நோட்டு, பென்சில் போதும். மரத்தடியில் நிழலில் இருக்கும் கல்லுக்கு, கண்ணாடியால் வெயிலைப் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து எழுத்தின்மேல் ஓட விடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். வெயில் இல்லையென்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்தால் சில கற்களில் இன்னும் தெளியும்.

கம்பி பிரஷ், ஆசிட், சுண்ணாம்பு மூன்றும் கூடாது. சாக்பீஸும் மாவும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை எழுத்து தெரியட்டும் என்று ஒரு குழு மாவைத் தேய்த்துவிட்டுப் போனதில், மூன்றே நாளில் எறும்பும், அதற்கடுத்த மழையில் பூஞ்சையும் ஏறிய கல்லை நான் பார்த்திருக்கிறேன்.

பெயரைவிடத் தேதிகளை முதலில் எழுதுங்கள். ஒரு கல்லறைத் தோட்டத்தின் இறந்த தேதிகளை எல்லாம் ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதினால், இரண்டு விஷயம் பளிச்சென்று தெரியும். ஒன்று, வயது. குழந்தைகளும், இருபதுகளில் இருந்த தாய்மார்களும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு, கொத்து. ஒரே வாரத்தில், ஒரே மாதத்தில் மூன்று நான்கு சாவு. அங்கே காலராவோ காய்ச்சலோ வந்து போயிருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் அடிவாரத்துக் காய்ச்சல் அந்தக் காலத்தில் பேர்போனது. கெட்ட காற்று என்றார்கள், ஈர மண்ணின் ஆவி என்றார்கள். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்ததே 1897இல். அதற்கு முன்னால் இறந்த குழந்தையின் வீட்டார், ஜன்னலைச் சாத்தி, காற்றைத் தடுத்து, கொசுவை உள்ளேயே வைத்துப் பூட்டியிருப்பார்கள். காரணம் தெரியாத சாவுதான் கதைக்கு விதை. எங்கள் அப்பாயி கதையிலும் காய்ச்சல் மட்டும் உண்மையாக வந்திருந்தது, கவனித்தீர்களா?

யார் கல்லை வைத்தார்கள் என்ற கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மண் மூடியிருந்தால் கையால் தள்ளிப் பாருங்கள். கணவனா, பெற்றோரா, கூட வேலை பார்த்தவர்களா, படைப்பிரிவா? கதையில் 'அநாதையாகச் செத்தவன்' என்று வரும் ஆளுக்கு எட்டுப் பேர் காசு போட்டுக் கல் வைத்திருப்பார்கள்.

இப்போது கதையைக் கேளுங்கள்

இங்கே சுற்றும் கதைகள் பெரும்பாலும் நாலைந்து அச்சில்தான் வார்க்கப்பட்டவை. எந்த அச்சு என்று தெரிந்தால், கதையில் எது உள்ளூர்ச் சரக்கு, எது வெளியூரிலிருந்து வந்தது என்று பிரித்துவிடலாம்.

தலையில்லாத குதிரைக்காரத் துரை. ஐரோப்பாவிலும் இந்தக் கதை உண்டு. ஆனால் சேலத்துக்காரர்களுக்கு ராத்திரியில் எல்லை சுற்றும் குதிரைக்காரரை வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. ஊருக்கு ஊர் முனியப்பன் இருக்கிறார். எனக்கென்னவோ, நம் துரை பாதி முனியப்பன்தான், தொப்பி மட்டும் புதுசு.

செத்தபின்னும் பூசை வைக்கும் சாமியார். நள்ளிரவில் கோயிலுக்குள் மெழுகுவர்த்தி எரியும், பீடத்தில் ஒரு சாமியார் நின்றுகொண்டு, பதில் சொல்ல ஆள் இல்லாமல் காத்திருப்பார். துணிந்து ஒருவன் பூசைக்கு உதவி செய்தால் அவருக்கு விடுதலை. இந்தக் கதை அயர்லாந்திலும் பிரான்ஸின் பிரித்தானி பக்கத்திலும் ரொம்பப் பழசு. இறந்தவர்களுக்காகப் பூசைக் காணிக்கை வாங்கிவிட்டு, பூசை வைக்காமலே செத்துப்போனவர் கடன் தீர்க்க வருகிறார் என்பது அதன் உள்பொருள். பிரெஞ்சுச் சாமியார்களோடு கப்பலேறி வந்திருக்கும் என்பது என் ஊகம். இதைக் கேட்டால், சொல்பவர் கத்தோலிக்கரா என்று பாருங்கள். சீர்திருத்தச் சபைக்காரர்களிடம் இறந்தவர்களுக்கான பூசையே கிடையாது, அதனால் இந்தக் கதைக்கும் வேலை இல்லை.

சுரங்கப்பாதை. பீடத்துக்குக் கீழே தொடங்கிக் கோட்டைக்குப் போகும், உள்ளே போனவன் திரும்பவில்லை. இதற்கு நேரம் செலவழிக்காதீர்கள். சேர்வராயன் கோயில் குகையே காவிரி வரைக்கும் போகிறது என்று சொல்கிற மலை இது.

அப்புறம், சுருட்டும் சாராயமும் கேட்கும் வெள்ளைக்காரன். 1809இல் திருவிதாங்கூர்ச் சண்டையில் காயம்பட்டு இறந்த கேப்டன் போல் என்பவரின் சமாதியில், திருநெல்வேலிச் சீமை மக்கள் சாராயமும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டதை அந்தக் காலத்துப் பாதிரியார்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அகாலமாகச் செத்தவர் யாராயிருந்தாலும் நாம் அவருக்குப் பிடித்ததைப் படைக்கிறோம். வெள்ளைக்காரனுக்கு மட்டும் சர்க்கரைப் பொங்கலா வைக்க முடியும்?

கேட்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: "நீங்க பாத்தீங்களா?" தொண்ணூறு சதவீதம் "எங்க மாமா பாத்தாரு" என்றுதான் வரும். அந்த மாமா உயிரோடு இருந்தால் அவரிடம் போங்கள். அவருக்கும் ஒரு மாமா இருப்பார். ஒரே கதையை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, மூன்றிலும் மாறாமல் வரும் துண்டைக் கோடிட்டு வையுங்கள். எங்கள் கோயில் கதையில் தூக்குக் கயிறு ஒருவரிடம் இருந்தது, இன்னொருவரிடம் விஷம், மூன்றாமவரிடம் ஏரி. குழந்தையும் காய்ச்சலும் மணியும் மூவரிடமும் இருந்தன.

மணியும் வெள்ளைக் கவுனும்

ராத்திரியில் போகாதீர்கள். பேய்க்காகச் சொல்லவில்லை. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. பனியில் பத்தடி தூரத்தில் அதை எதிர்கொண்டால், எந்தத் துரைசாணியும் குறுக்கே வந்து காப்பாற்ற மாட்டாள். எஸ்டேட் நிலம் தனியார் நிலம் என்பதும் நினைவிருக்கட்டும். ராத்திரியில் நடப்பதன் தடயம் பகலிலேயே கிடைக்கும்.

அப்பாயி கதையில் வரும் கோயிலின் கோயில்பிள்ளை என்னை மணிக்கூண்டுக்குள் கூட்டிப்போனார். ஏணிக்குக் கீழே தரையில் கட்டைவிரல் மொத்தத்தில் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கையில் உடைத்தார். உள்ளே சாம்பல் நிற மயிர், ஊசி மாதிரி எலும்பு, முழுசாக ஒரு எலி மண்டை ஓடு, பல்லோடு. "கூகை கக்கினது தம்பி. மேல ஜோடியா இருக்கு" என்றார். வெள்ளை நெஞ்சு, இதயம் மாதிரி வெள்ளை முகம், இறக்கைச் சத்தமே இல்லாமல் தாழப் பறக்கும். வாயைத் திறந்தால் பொம்பளை அலறுகிற மாதிரி நீளமாக ஒரு சீறல். எலிக்காகக் கல்லறைப் புல்லின்மேல் தாழப் பறக்கும் இதைப் பனிக்குள் பார்த்துவிட்டு, கவுன் என்று சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மணியின் கதையும் அங்கேயே இருந்தது. கயிறு பழசு. விட்டத்தில் மரநாய் நடந்த கால்தடம் தூசியில் வரிசையாகப் பதிந்திருந்தது. காபிப் பழக் காலத்தில் மரநாய்க்குக் கொண்டாட்டம். அது கயிற்றில் இறங்கிக் குதித்தால் மணி ஒரு முறை அடிக்கும். ஒரே முறைதான், இரண்டாவது அடிக்காது. அப்பாயி அதை மட்டும் மிகச் சரியாகச் சொல்லியிருந்தார்.

எல்லாக் கோயிலிலும் கூகைதான், மரநாய்தான் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஓட்டுக் கூரையில் பகல் சூடு ராத்திரிக் குளிரில் இறங்கும்போது மரச்சட்டம் படபடவென்று வெடிக்கும். அதைக் காலடிச் சத்தம் என்பார்கள். எதற்கும் தடயத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தடயம் இல்லையென்றால், கதையை மட்டும் கேட்டபடி எழுதி வையுங்கள்.

எழுதி முடித்தபின்

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: கல் சொல்வது, பதிவேடு சொல்வது, ஊர் சொல்வது. மூன்றையும் கலக்காதீர்கள். ஃபூட் இதற்கு நல்ல முன்மாதிரி. சேர்வராயன் மலைக் கிராமங்களில் வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளை மக்கள் எடுத்துவந்து, மரத்தடிக் கோயில்களில் சாமியோடு சேர்த்து வைத்திருந்தார்கள். அவர் கல்லுக்கு ஒரு குறிப்பு எழுதினார், அது கோயிலில் இருந்தது என்பதையும் விடாமல் எழுதினார். கும்பிட்டவர்களை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், பாதிச் செய்தி நமக்குக் கிடைத்திருக்காது.

கல்லின் படம், நீங்கள் படித்த வாசகம் இரண்டையும் ஒரு பிரதி எடுத்து அந்தக் கோயிலுக்கே கொடுங்கள். அடுத்த மழைக்கு எந்த எழுத்து போகும் என்று தெரியாது. ஆனால் இணையத்தில் போடும்போது, ஆளில்லாத சின்னக் கோயிலாக இருந்தால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள். நான் ஒருமுறை ஒரு குழுவில் போட்டேன். இரண்டு வாரத்தில் நள்ளிரவில் பைக்கில் வந்து, சுவர் ஏறிக் குதித்து, வீடியோ எடுத்தவர்களில் ஒருவர் காலூன்றிய கல் இரண்டாகப் போனது. அந்த இரண்டு குழந்தைகளின் கல்தான். கடைசி வரி உள்ள பாதி தனியாக விழுந்துவிட்டது.

போன ஈஸ்டருக்குப் போனபோது கோயில்பிள்ளை இரண்டு பாதியையும் சிமெண்ட் வைத்துச் சேர்த்திருந்தார். கொஞ்சம் கோணல். மேலே இரண்டு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன். "எங்க வீட்லதான். அதுங்களுக்கு யாரு இருக்கா" என்றார். பேயைப் பற்றி அவர் வீட்டம்மாவிடம் கேட்டேன். "இருக்கு தம்பி, ராத்திரி நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, காற்றில் அணைந்த ஒரு திரியை மறுபடி பற்றவைக்கக் குனிந்தார்.